புரதத்திற்கு ஒரு செவிலி

எச்.எஸ்.பி.70 என்னும் மனிதப் புரதத்தை இன்று சிறு குப்பிகளில் அடைத்து ஆய்வகங்களுக்கு விற்கிறார்கள். அது மனித உடலிலிருந்து எடுத்ததன்று. மனித மரபணுவை ஈ.கோலி என்ற பாக்டீரியாவினுள் ஏற்றிச் செய்வித்தது. அக்குப்பியின் வரலாற்றை நாம் இத்தாலியில், ஒரு பழ ஈயிலிருந்து தொடங்க வேண்டும்.

ஃபெருச்சோ ரிதோசா ஈக்களின் உமிழ்நீர்ச் சுரப்பியிலுள்ள குரோமோசோம்களை ஆராய்ந்தவர். உடன் பணியாற்றிய ஒருவர் இன்குபேட்டரின் வெப்பத்தைக் கூட்டிவைத்துவிட, குரோமோசோம்களில் அதுவரை காணாத புடைப்புகள் தோன்றின. புடைப்பு, அவ்விடத்து மரபணு விழித்துக்கொண்டதன் அடையாளம். உயிரியல் முக்கியத்துவம் ஏதுமில்லை என்று பெயர்பெற்ற இதழொன்று கட்டுரையை மறுத்ததாக அவரே பின்னாளில் எழுதினார். 1962இல் 'எக்ஸ்பீரியென்ஷியா' வெளியிட்டது. அம்மரபணுக்கள் உண்டாக்கும் புரதங்களைத் திசியேர் குழுவினர் கண்டது 1974இல்தான். நிராகரித்தவர் யாரென்று நமக்குத் தெரிய வேண்டியதில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் போயின.

அப்புரதங்களின் வேலை என்ன? புரதம் தன் அமினோ அமில வரிசையின்படி தானே மடிந்து வடிவம் பெறும் என்று காட்டிய அன்ஃபின்சென் 1972இல் நோபல் பரிசு பெற்றிருந்தார். சோதனைக் குழாயில் அது மெய்யே. உயிரணுவிலோ தேர்த்திருவிழா நெரிசல். மடியாத புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். வெப்பம் ஏறினால் இன்னும் மோசம். அந்த ஒட்டுதலைத் தடுக்க ஆள் வேண்டும்.

தவளை முட்டையிலிருந்த அத்தகைய புரதம் ஒன்றுக்கு 1978இல் ரான் லாஸ்கி 'ஷாபரோன்' எனப் பெயரிட்டார். மணமாகாத பெண்ணுடன் சென்று தகாத சேர்க்கையைத் தடுக்கும் மூத்தவள் என்பது பொருள். 1987இல் ஜான் எல்லிஸ் அச்சொல்லை ஒரு பெருங்குடும்பத்துக்கே உரியதாக்கினார். தமிழில் இதனைத் தோழி எனலாமா? கூடாது, தோழி சேர்த்துவைப்பவள். செவிலியே பொருத்தம் என்போம். காவல் காப்பாள், தலைவி மனையறம் தொடங்கியபின் அவ்வில்லில் அங்கமாக மாட்டாள். இப்புரதமும் அப்படியே, மடித்து முடித்ததும் விலகிவிடும்.

மனித மரபணுவின் வரிசை 1985இல் வெளியானது. ஈ.கோலியின் சொந்தச் செவிலியான டி.என்.ஏ.கே.யோடு ஏறத்தாழப் பாதி அமினோ அமிலங்கள் ஒத்திருந்தன! எத்தனை தொன்மையான உறவு. ஆனால் பாக்டீரியாவில் விளைவித்ததற்கு ஒரு விலையும் இருந்தது. 2000ஆம் ஆண்டையொட்டி, இப்புரதம் நோயெதிர்ப்பு அணுக்களைத் தூண்டி டி.என்.எஃப். சுரக்கச் செய்கிறது என்று பலர் எழுதினர். 2003இல் காவோ, சான் இருவரும் பாக்டீரியாவின் எண்டோடாக்சின் நச்சை நன்கு நீக்கிய மனித எச்.எஸ்.பி.70ஐ எலியின் அணுக்களில் இட்டுப் பார்த்தனர். டி.என்.எஃப். சுரக்கவில்லை. தூண்டியது புரதமன்று, அதனோடு ஒட்டிவந்த நச்சு. தகாத சேர்க்கையைத் தடுப்பவளுக்கே தகாத சேர்க்கை! குப்பியோடு வரும் தாள்கள் பலவற்றில் எண்டோடாக்சின் அளவு இன்று தனி வரியாக இடம்பெறுகிறது.