பாஸ்கலின்

பாஸ்கலின் என்பது பிரெஞ்சுக் கணித அறிஞர் பிளேஸ் பாஸ்கல் (1623–1662), ரூவான் நகரில் வரி நிர்வாகப் பொறுப்பு வகித்த தம் தந்தை எத்தியேனின் ஓயாத கூட்டல் வேலையைக் குறைக்கும் நோக்குடன் 1642இல் வடிவமைக்கத் தொடங்கிய பற்சக்கரக் கணக்கிடும் பொறியாகும். இதன் ஒவ்வொரு சக்கரமும் எண்ணின் ஓர் இலக்கத்தைக் குறிக்கும். சிறு கோலால் அவற்றைச் சுழற்றினால் கூட்டுத்தொகை மேலுள்ள சிறு சாளரங்களில் தோன்றும். ஓர் இடம் ஒன்பதைக் கடக்கும்போது அடுத்த இடத்துக்கு ஒன்றைக் கொண்டுசெல்லும் முறையே இப்பொறியின் உயிர்நாடி: சக்கரம் சுழலச் சுழல, எடையுள்ள நெம்புகோல் ஒன்று மெல்ல உயர்ந்து, ஒன்பது சுழியாக மாறும் கணத்தில் தன் எடையாலேயே விழுந்து அடுத்த சக்கரத்தை ஓரிலக்கம் தள்ளும், ஆகையால் ஒன்பதுகள் பல தொடர்ந்து நின்றாலும், முதற்சக்கரத்தைச் சுழற்றும் கை ஏனைய சக்கரங்களின் சுமையைத் தாங்க வேண்டியதில்லை. இளைஞர் ஒருவரின் கைவண்ணமாக இது வியப்புக்குரிய நுட்பமே. இவ்வமைப்பில் சக்கரங்களைப் பின்னோக்கிச் சுழற்ற இயலாமையால், ஒவ்வோர் இலக்கத்தையும் ஒன்பதிலிருந்து கழித்துப் பெறப்படும் நிரப்பெண்ணைப் பயன்படுத்தி, கழித்தலும் கூட்டலாகவே செய்யப்பட்டது. 12 தெனியே ஒரு சோல், 20 சோல் ஒரு லீவ்ரு என்ற அந்நாளைய நாணய முறைக்கென 12, 20 பிரிவுகள் கொண்ட சக்கரங்களும் சில பொறிகளில் அமைந்தன. 1649இல் அரச உரிமை கிடைத்தபோதிலும், விலை மிகுதியால் விற்பனை பெருகவில்லை.