துண்டுச்சீட்டும் கம்பளிக் குல்லாவும்

ஷெட்லாந்துப் பின்னல் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஒரு கப்பலில்தான் தொடங்கும். 1588இல் ஸ்பானிஷ் அர்மடாவைச் சேர்ந்த எல் கிரான் கிரிஃபோன் என்ற கப்பல், ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்துக்கும் ஆர்க்னிக்கும் நடுவில் கிடக்கும் ஃபேர் ஐல் என்ற சின்னத் தீவில் மோதி உடைந்தது. தப்பியவர்கள் சில வாரங்கள் தீவில் தங்கினார்கள். இதுவரை வரலாறு. அவர்கள்தான் தீவுப் பெண்களுக்குப் பலவண்ண டிசைன்களைச் சொல்லிக்கொடுத்தார்கள் என்பது கதை. பசியில் செத்துக்கொண்டிருந்த மாலுமிகள் பெண்களை உட்காரவைத்து ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்களாம்!

1951இல் ஷெட்லாந்தின் கன்னிஸ்டரில் சதுப்புமண் வெட்டும்போது ஓர் ஆணின் சடலம் கிடைத்தது. 1700 வாக்கில் புதைந்தவன். கம்பளி உடுப்பும் குல்லாவும் மக்காமல் இருந்தன. கூடவே நிறம் மாற்றிப் பின்னிய சின்னப் பணப்பை. உள்ளே இருந்த காசுகள் டச்சு, ஸ்வீடன் நாட்டவை. பின்னல் எந்த வழியாக வந்தது என்பதற்கு இது சாட்சியாகாது. ஆனால் தீவுகளுக்கு யாரோடு கொடுக்கல் வாங்கல் இருந்தது என்று சொல்கிறது. அர்மடா கதைக்கு இந்த அளவு சாட்சியம்கூட இல்லை. இருந்தும் அது சாகவில்லை. இந்த டிசைனை உருவாக்கியது யார் என்ற கேள்விக்கு, பின்னியவளைத் தவிர வேறு யாரைச் சொன்னாலும் ஏற்றுக்கொள்ளும் ஒரு சொல்லாடல் அதைத் தாங்கிப் பிடிக்கிறது என்றே எனக்குப் படுகிறது.

ஏனென்றால் அந்த வேலைக்குள்ளேயே டிசைன் இருக்கிறது. ஒரு வரிசையில் இரண்டு நிறம்தான். பயன்படாத நூல் பின்பக்கம் ஓடும். துணி இரட்டைக் கனமாவது அதனால்தான், இலையுதிர்காலக் கடற்காற்று அதற்குள் நுழையாது. ஆனால் அந்த நூல் நீளமாக ஓடினால் விரல் மாட்டும். ஆகவே சில கண்ணிகளுக்கு ஒருமுறை நிறம் மாறியாக வேண்டும். குறுக்குக்கோடும் வைரவடிவும் திரும்பத் திரும்ப வருவதற்கு இது ஒரு காரணம். குல்லா என்றால் வட்டமாகப் பின்ன வேண்டும். 144 கண்ணி போட்டால் 18 கண்ணிக் கட்டம் எட்டு முறை வரும், 16 கண்ணிக் கட்டம் ஒன்பது முறை. 14 கண்ணியில் ஒரு பூ ஆசைப்பட்டால் 140க்கு இறங்கணும். உச்சியை நோக்கிக் கண்ணி குறைக்கக் குறைக்க டிசைனும் உடையாமல் சுருங்க வேண்டும். புள்ளிக் கோலம் போட்டவர்களுக்கு இந்தக் கணக்கு விளங்கும். எழுதி வைத்த தாள் இல்லாமலே பல பெண்கள் இதைச் செய்தார்கள். இடுப்பில் தோல்பட்டை, அதன் துளையில் ஓர் ஊசியைச் செருகிக்கொண்டு, முதுகில் கரிமண் கூடையோடு நடந்தபடியே பின்னினார்கள். நடந்துகொண்டே செய்வது சிந்தனையாகாது என்று யார் சொன்னது?

ட்ரக் கமிஷன் 1872இல் ஷெட்லாந்தில் எடுத்த சாட்சியம் அச்சில் இருக்கிறது. ட்ரக் என்றால் கூலிக்குப் பதில் சரக்கு. லெர்விக் வியாபாரியிடம் பின்னலைக் கொடுத்த பெண்ணுக்குத் தேயிலையும் பருத்தித் துணியும் கிடைக்கும், காசு கிடைப்பது அபூர்வம். வீட்டுக்கு வேண்டியதோ மாவு. தேயிலையைப் பக்கத்து வீட்டில் நட்டத்துக்குத் தள்ளி மாவு வாங்க வேண்டும். சரக்கு இப்போது வேண்டாம் என்றால் 'லைன்' என்ற சீட்டு தருவார்கள். அதையும் அதே கடையில்தான் மாற்றணும்.

இலங்கை மலையகத்தின் 'துண்டு' ஞாபகம் வருகிறது. 1921இல் ஒழிக்கப்பட்ட அந்தச் சீட்டு, தொழிலாளியின் கடனைக் கட்டினால் அவரை விடுவிப்பதாகத் துரை எழுதிக் கொடுத்தால்தான் அடுத்த தோட்டத்துக்குப் போகலாம் என்றது. அங்கே கடன்பட்டவர் தொழிலாளி. லெர்விக்கில் கடன்பட்டவன் வியாபாரி. ஆனாலும் கட்டுண்டவள் பெண்தான். யார் யாருக்குக் கடன் என்பதைவிடச் சீட்டை எழுதும் கை யாருடையது என்பது முக்கியம் போலிருக்கிறது.

அரை நூற்றாண்டு கழித்து, 1922இல், வேல்ஸ் இளவரசர் செயின்ட் ஆண்ட்ரூஸ் கோல்ஃப் மைதானத்தில் ஃபேர் ஐல் ஸ்வெட்டரோடு தோன்றினார். ஃபேஷன் பிடித்துக்கொண்டது. மாலுமிக்கு அடுத்து இளவரசர். பின்னியவள் பெயர் இப்போதும் இல்லை. போகப்போக ஃபேர் ஐல் என்பதே ஊர்ப்பெயராக இல்லாமல் எந்த மில்லும் ஓட்டக்கூடிய ஒரு பாணியின் பெயராகிவிட்டது. ஆசிரியன் செத்துவிட்டான் என்று நாம் பக்கம் பக்கமாக எழுதிய காலத்திலேயே எனக்கு ஒரு சந்தேகம்: பிறக்கவே விடப்படாத ஆசிரியைகளை எந்தக் கணக்கில் எழுதுவது?

2015 டிசம்பரில் ஷனேல் நிறுவனம் ரோமில் காட்டிய ஆடைகளில் சில, ஃபேர் ஐலில் வாழும் மாட்டி வென்ட்ரியோனின் டிசைனை அப்படியே ஒத்திருந்தன. அவர் பகிரங்கமாகக் கேட்டார். நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, அவர் பெயரையும் சேர்த்தது. அவர் வெளியிலிருந்து தீவுக்கு வந்து குடியேறியவர். கடல்தாண்டி ஒருவர் வரத்தான் செய்தார், ஆனால் அர்மடா கதையில் வருவதுபோல் சொல்லிக்கொடுக்க அல்ல.

அதே வருட இலையுதிர்காலத்தில், 2010 முதல் நடந்துவரும் ஷெட்லாந்து கம்பளி வாரத்துக்காக டோனா ஸ்மித் ஆடுகள் வரிசையாக நிற்கும் ஒரு குல்லாவை வடிவமைத்தார். டிசைன் தாள் இலவசம், அதில் அவர் பெயர் இருந்தது. எங்கெங்கோ இருப்பவர்கள் அதைப் பின்னித் தலையில் மாட்டிக்கொண்டார்கள். பெயர் விஷயத்தில் ஏதோ நகர்ந்திருக்கிறது. காசு விஷயம் அப்படியல்ல. ஒரு முழு ஸ்வெட்டரைக் கையால் பின்ன நூறு மணி நேரம்கூட ஆகலாம். அதை நியாயமான மணிக்கூலியால் பெருக்கி விலை சொன்னால் வாங்க வந்தவர் கீழே வைத்துவிட்டுப் போகிறார். அதனால் இன்று டிசைன் தெரிந்த பலர் ஸ்வெட்டரை விற்பதில்லை. கட்டம் போட்ட தாளைத்தான் விற்கிறார்கள், ரொக்கத்துக்கு.