மூலகமும் தராசும்

பொருள்கள் யாவும் எவற்றால் ஆயின என்னும் வினா மிகப் பழையது. நம் முன்னோர் ஐம்பூதங்களைக் கூறினர். கிரேக்க அறிஞர் எம்பிடோக்கிளிசு என்பார் நிலம், நீர், தீ, வளி என நான்கே கொண்டார். மேல்நாட்டார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அந்நான்கையே பெரிதும் போற்றிவந்தனர். சொற்போரால் அசையாத அக்கொள்கையை ஒரு தராசு அசைத்தது. அத்தராசைக் கையிலெடுத்தவருள் தலையாயவர் பிரெஞ்சு நாட்டவரான அந்துவான் இலவோசியர் (1743–1794).

நீரை நெடுநேரம் காய்ச்சினால் கலத்தின் அடியில் மண் போன்ற பொடி தங்கும். அதனைக் கண்ட பலர், நீர் மண்ணாக மாறுகின்றது என நம்பினர். இலவோசியர் 1768ஆம் ஆண்டிலே தூய நீரைக் கண்ணாடிக் கலமொன்றில் அடைத்து, 101 நாள் சூடாக்கினார். முன்னும் பின்னும் நிறுத்துப் பார்த்தார். மொத்த நிறை மாறவில்லை. கலத்தின் நிறையோ குறைந்திருந்தது. பொடி வந்தது கண்ணாடியிலிருந்தே என்பது புலனாயிற்று.

பின்னர் அடைபட்ட காற்றிலே இரசத்தை 12 நாள் சூடாக்கினார். காற்றில் ஏறத்தாழ ஆறிலொரு பங்கு மறைந்து, இரசத்தின்மேற் செந்நிறப் பொடி படிந்தது. அப்பொடியை மேலும் வெப்பமேற்ற, மறைந்த வாயு மீண்டது. அதற்கு ஒட்சிசன் எனப் பெயரிட்டார். காற்று மூலகமன்று, கலவையே எனத் தெளிந்தது. ஐதரசனை எரித்தால் நீர் உண்டாதலை இங்கிலாந்தில் கவெண்டிசு கண்டிருந்தார். நீரும் ஒரு சேர்வையே என 1783இல் இலவோசியர் அறிவித்தார்.

1789இல் வெளியிட்ட நூலில், மேலும் பிரிக்க இதுவரை இயலாத பொருளே மூலகம் என வரையறுத்து, 33 பொருள்களை வரிசைப்படுத்தினார். அவ்வரிசையில் ஒளியும் வெப்பமும் சுண்ணாம்பும் இடம்பெற்றன. 1808இல் டேவி என்பார் மின்னாற்றலாற் சுண்ணாம்பிலிருந்து கல்சியத்தைப் பிரித்தெடுத்தார். வரிசை பிழைத்தது, ஆயினும் "இதுவரை" என்ற சொல்லால் வரையறை பிழைக்கவில்லை. அதனைக் காண இலவோசியர் உயிரோடில்லை. வரி வசூலிக்கும் குழுவில் இருந்தமையால், புரட்சி அரசு 1794 மே 8ஆம் நாள் அவர் தலையைத் துணித்தது.

மூலகங்கள் குறித்த விகிதத்திலேயே சேர்வதேன்? ஒவ்வொரு மூலகத்துக்கும் தனித்த நிறையுடைய அணுக்கள் உண்டு என தாற்றன் 1808இல் விடை எழுதினார். உருசிய அறிஞர் மெண்டலீவு 1869இல் அறியப்பட்டிருந்த மூலகங்களை அணுநிறைப்படி அடுக்கி, பொருந்தாவிடத்து வெற்றிடம் விட்டார். 1875இல் பிரான்சிலே கலியம் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் அடர்த்தி 4.7 என்றார் கண்டவர். அதனைக் கண்ணாலும் காணாத மெண்டலீவு, 5.9 ஆதல் வேண்டும் என எழுதினார். தூய்மையாக்கி மீண்டும் அளந்தபோது 5.9 ஆகவே இருந்தது!

அணுவும் பகுக்கப்படாததன்று என 1897இல் தொம்சன் இலத்திரனைக் கண்டு காட்டினார். இன்று மூலகங்கள் 118. அவ்வட்டவணையை மனனஞ் செய்யும் மாணவர், அதன் கட்டங்கள் பல ஒருவர் நிறுத்து, மற்றொருவர் மீள நிறுத்துத் திருத்தியதால் வந்தன என்பதை நினைவிற் கொள்வாராக. பெரியோர் கூற்றாயினும் சோதித்தறிதல் அவமதிப்பாகாது. அறிவு வளர்ந்த வழி அதுவே.