பெங்களூரு டிசைன் செய்த சிப்பில் புதிய லினக்ஸ் ஏன் ஓடாது?

உங்கள் லேப்டாப்பில் சூப்பராக ஓடும் புரோகிராம், கிளையன்ட்டின் பழைய சர்வரில் 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்' என்று சொல்லி நின்றுவிடுகிறதா? கோடில் தப்பு இருக்க வேண்டும் என்பதில்லை. அந்த பிராசஸருக்குத் தெரியாத கட்டளை உள்ளே இருக்கலாம்.

பெங்களூரு சிப்புக்கு என்ன ஆனது?

இன்டெல்லின் பெங்களூரு குழு வடிவமைத்த ஜியான் 7400 (டன்னிங்டன்) 2008 செப்டம்பரில் வெளியானது. 6 கோர், 190 கோடி டிரான்சிஸ்டர்கள். அதில் எஸ்எஸ்இ4.1 கட்டளைகள் உண்டு, 4.2 கிடையாது. 4.2 உள்ள நெஹேலம் சிப்கள் அதே நவம்பரில் வந்தன.

2022-ல் வந்த ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 9, எஸ்எஸ்இ4.2 அடங்கிய 'எக்ஸ்86-64-வி2' அளவைக் கட்டாயமாக்கியது. இரண்டே மாத இடைவெளியில் டன்னிங்டன் அவுட்! 2025-ல் வந்த 10-ம் பதிப்பு வி3 கேட்கிறது. அதற்கு ஏவிஎக்ஸ்2 வேண்டும். இன்டெல் அதை 2013-ல் ஹாஸ்வெல்லில் கொண்டுவந்தது. ஆனால், அதற்குப் பிறகு வந்த பல பென்டியம், செலரான் சிப்களிலும் அது இல்லை. எனவே வாங்கிய வருஷத்தை மட்டும் வைத்து முடிவு பண்ணாதீர்கள்.

புதிய கட்டளைகளால் என்ன லாபம்?

ஏவிஎக்ஸ்2 ஒரே கட்டளையில் எட்டு 32-பிட் முழு எண்களைக் கூட்டும். எஸ்எஸ்இ நான்கைத்தான் கூட்டும். வீடியோ, படம், அறிவியல் கணக்குகளில் இந்த வித்தியாசம் தெரியும். டேட்டாபேஸ் பதிலுக்காகவே பெரும்பாலும் காத்திருக்கும் ஆப்பில் பெரிதாகத் தெரியாது.

நடுவழி உண்டா?

உண்டு. ஒரே ஃபங்ஷனுக்கு இரண்டு வடிவங்கள் வைத்து, புரோகிராம் ஓடும்போது பிராசஸரைக் கேட்டுப் பொருத்தமானதைத் தேர்வு செய்யலாம். நம்பை இப்படித்தான் செய்கிறது. ஜிசிசி கம்பைலரிலும் இதற்கு வசதி உண்டு. ஃபைல் அளவு கூடும், இரண்டு வடிவங்களையும் டெஸ்ட் செய்ய வேண்டும். அதுதான் இதற்கான விலை.

நீங்கள் என்ன செய்யலாம்?

• முதலில் புரோஃபைல் செய்து, நேரம் எங்கே போகிறது என்று பாருங்கள். அந்தப் பகுதிக்கு மட்டும் தனி வடிவம் போதும்.
• 'நேட்டிவ்' ஆப்ஷனில் கம்பைல் செய்ததை வெளியே அனுப்பாதீர்கள். அது உங்கள் மெஷினுக்கானது.
• குறைந்தபட்சத் தேவையை உயர்த்தும் முன் யூசர்களின் பிராசஸர்களைக் கணக்கெடுங்கள். மாற்றத்தை முன்கூட்டியே சொல்லுங்கள்.

கைவிடப்படும் மெஷினுக்கு செக்யூரிட்டி அப்டேட்டும் ஒருநாள் நின்றுபோகும். டெபியன் 13 இன்னும் அடிப்படை 64-பிட் அளவிலேயே கம்பைல் செய்யப்படுகிறது. பழைய சர்வர் வைத்திருப்பவருக்கு அது ஒரு வழி. ஆனால் உங்கள் சாஃப்ட்வேர் அங்கே ஓடுமா என்பது நீங்கள் எடுக்கும் முடிவு.