பழைய கணினியும் புதிய நினைவகமும்



பிழைப்பின் பொருட்டுப் பிற மாநிலங்களில் வாழும் நம்மவர் இல்லங்கள் பலவற்றில் பழைய மேசைக் கணினி ஒன்று இருக்கக் காண்கிறோம். பிள்ளைகளின் படிப்புக்கென்று அரும்பாடுபட்டு வாங்கியது அது. இன்று அதன் வேகம் குன்றிவிட்டது. "இதைக் கழித்துவிட்டுப் புதியது வாங்குங்கள்" என்று பலரும் கூறுவர். அவ்வாறு கழித்தல் தகுமா? இவ்வினாவுக்கு வரலாறு தரும் விடையைச் சிறிது ஆராய்வோம்.

கணினியின் வட்டில் உள்ள செய்தி பெட்டகத்தில் அடுக்கிய ஏடு போன்றது. 'ராம்' எனப்படும் நினைவகத்தில் உள்ளதோ, படிப்பதற்காக மேசைமீது விரித்த ஏடு போன்றது. மேசை சிறிதாயின் ஏடுகளை எடுப்பதும் வைப்பதுமாகவே பொழுது கழியும். பழைய கணினிகள் பலவற்றின் தளர்ச்சிக்கு இதுவே காரணமாகும்.

1960ஆம் ஆண்டு பம்பாயில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தின் 'டிஃப்ராக்' கணினி இயங்கத் தொடங்கிற்று. காந்த வளையங்களால் ஆன அதன் நினைவகம், 40 பிட் அளவுள்ள 2,048 சொற்களையே கொள்ளும். அதாவது 10 கிலோபைட். இன்று விரல் நீளமுள்ள 4 ஜிகாபைட் நினைவகப் பலகை, அதைப்போல் 4 லட்சம் மடங்குக்கும் மேலாகக் கொள்கிறது. 1966இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் ராபர்ட் டெனார்டு, ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு மின்தேக்கியும் கொண்டு ஒரு பிட்டைக் காக்கும் வழியைக் கண்டறிந்தார். 1970இல் இன்டெல் நிறுவனம் 1,024 பிட் கொண்ட சில்லினை விற்பனைக்குக் கொணர்ந்தது. அதன்பின் நினைவகம் மலிந்தது; அது மலிய மலிய மென்பொருளின் பசியும் பெருகிற்று. பழுதே இல்லாத பொறிகளும் பழையன என்று ஒதுக்கப்பட்டது இதனாலேயே.

இந்நிலைக்கு மாற்றுவழி தேடிய நகரம் திருவனந்தபுரம். 2001ஆம் ஆண்டு ஜூலை 20ஆம் நாள், கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் இந்தியக் கிளையை ரிச்சர்டு ஸ்டால்மன் அந்நகரில் தொடங்கி வைத்தார். அவ்வாண்டிலேயே கேரள அரசின் 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டமும் தோன்றிற்று. பள்ளிப் பாடமும் தேர்வும் படிப்படியாகக் கட்டற்ற மென்பொருளுக்கு மாறின. பூஜப்புரையைத் தலைமையிடமாகக் கொண்ட அத்திட்டம், 2017இல் 'கைட்' என்னும் அரசு நிறுவனமாயிற்று. பழுதுற்ற பள்ளிக் கணினிகளைச் சீர்செய்து மீண்டும் வகுப்பறைக்கு அனுப்பும் முகாம்களையும் அத்திட்டத்தினர் நடத்தினர். கேரளத்தில் தமிழ்வழியில் பயிலும் நம் பிள்ளைகளும் இவ்வேற்பாட்டின் பயனைப் பெற்றவர்களே.

இனி, நினைவகத்தைக் கூட்டும் முறையைக் காண்போம். முதலாவதாக, நம் கணினி எத்தலைமுறையைச் சேர்ந்தது என்று அறிதல் வேண்டும். டி.டி.ஆர். 2 பலகை 1.8 வோல்ட்டிலும், டி.டி.ஆர். 3 பலகை 1.5 வோல்ட்டிலும், டி.டி.ஆர். 4 பலகை 1.2 வோல்ட்டிலும் இயங்குவன. ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாதவாறு பள்ளத்தை வெவ்வேறிடத்தில் வைத்திருக்கின்றனர். ஆகவே வலிந்து அழுத்துதல் கூடாது. இரண்டாவதாக, தாய்ப்பலகை எவ்வளவு நினைவகத்தை ஏற்கும் என்று பார்த்தல் வேண்டும். 32 பிட் இயங்குதளம் வழக்கமாக 4 ஜிகாபைட்டுக்கு மேல் பயன்கொள்ளாது. மூன்றாவதாக, மின்னிணைப்பை நீக்கி, உடலில் தங்கிய நிலைமின்சாரம் நீங்குமாறு கணினியின் வெற்று உலோகப் பகுதியைத் தொட்ட பின்னரே பலகையைக் கையில் எடுத்தல் வேண்டும்.

எனினும், நினைவகம் மட்டும் கணினியைக் காத்துவிடாது. 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்கு வழங்கப்பட்டு வந்த பொது ஆதரவு முடிவுற்றது. அடுத்து வந்த விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பையும் வேண்டுகிறது. பழைய பொறிகள் பலவற்றில் அஃது இல்லை. எத்தனை ஜிகாபைட் சேர்த்தாலும் இக்குறை தீராது. அத்தகைய பொறிகளுக்குக் கட்டற்ற இயங்குதளமே கைகொடுக்கும். கேரளப் பள்ளிகளுக்கென்று உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு அமைத்த 'கைட்' இயங்குதளம் இதற்குச் சான்று.

ஆகவே நேயர்களே, வீட்டிலுள்ள கணினியைக் கழிக்குமுன் அதன் நினைவகத்தை ஆராய்வோம், இயங்குதளத்தையும் ஆராய்வோம். இவ்விரண்டையும் சீர்செய்த பின்னரும் அது பயன்படாதாயின், அப்போது புதியது வாங்குவோம். அயலூரில் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம், பிள்ளைகளின் வேறு கல்விச் செலவுக்கு உதவட்டும்.