செப்டம்பர் 11 - ஒரு தேதி, பல கதைகள்

மக்களே, செப்டம்பர் 11ன்னு சொன்னதும் உங்க மனசுல என்ன ஓடும்? நியூயார்க், இரட்டைக் கோபுரம், விமானம்... அவ்ளோதானே? 2001ல் நடந்த அந்தத் தாக்குதல்ல கிட்டத்தட்ட 3000 பேர் இறந்தாங்க. அந்த ஒரு சம்பவம் மொத்தத் தேதியையும் தன் பேருக்குப் பட்டா போட்டுக்கிச்சு. ஆனா அதே தேதியில வேற கதைகளும் இருக்கு.

1906, ஜோஹன்னஸ்பர்க், எம்பயர் தியேட்டர். எட்டு வயசைத் தாண்டின ஆசியர்கள் எல்லாரும் கைரேகை வெச்சுப் பதிவு பண்ணணும், அந்தச் சீட்டை எப்பவும் கையில வெச்சிருக்கணும்னு டிரான்ஸ்வால் அரசு ஒரு சட்டம் கொண்டு வரப் பார்த்தது. சுமார் 3000 இந்தியர்கள் கூடி, 'ஜெயிலுக்குப் போனாலும் பணிய மாட்டோம்'னு கடவுள் பேர்ல உறுதி எடுத்தாங்க. மேடையில காந்தி. சத்தியாகிரகம்ங்கற பேரே அப்போ கிடையாது, அது பின்னாடிதான் வந்தது!

1973, சிலி. ஜனங்க ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த அதிபர் அயெண்டேவோட மாளிகை மேல சொந்த நாட்டு விமானப்படையே குண்டு போட்டது. அன்னைக்கே அவர் இறந்துட்டார். அப்புறம் 1990 வரைக்கும் பினோசே ஆட்சி. கொல்லப்பட்டவங்க, காணாமப் போனவங்க மட்டும் 3000க்கு மேல.

கவனிச்சீங்களா? மூணு இடத்திலயும் ஏறக்குறைய 3000. ஆனா ஒரு இடத்துல கையைத் தூக்கி உறுதி சொன்னவங்க, மத்த ரெண்டுலயும் உயிரை விட்டவங்க.

நம்ம ஊருக்கு வருவோம். 1921ல் பாரதி இறந்தது 11ம் தேதி ராத்திரி, நள்ளிரவு தாண்டி. என்னை மாதிரி பொட்டி தட்டுறவனோட கணக்குல 00:00 ஆச்சுன்னா தேதி 12. ஆனா நம்ம வழக்கத்துல விடிஞ்சாத்தானே அடுத்த நாள்? 2021ல் தமிழக அரசு 11ஐத்தான் மகாகவி நாள்னு அறிவிச்சது.

1957ல் இதே நாள் பரமக்குடியில இம்மானுவேல் சேகரன் வெட்டிக் கொல்லப்பட்டார். ராணுவத்துல இருந்தவர், தீண்டாமையை எதிர்த்து நின்னவர். வருஷா வருஷம் அவருக்கு அஞ்சலி செலுத்த ஜனங்க அங்க கூடுறாங்க. 2011ல் அதே அஞ்சலி நாள்ல போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்து சில பேர் செத்தாங்க. ஒரு தேதியை நினைவு வெச்சுக்கறதுக்கே உயிரைக் கொடுக்க வேண்டியிருக்குங்க.

அடுத்த செப்டம்பர் 11க்கும் டிவியில கோபுரம் விழுறதைக் காட்டுவாங்க. பாருங்க, வேணாம்னு சொல்லல. கூடவே ஒரு நிமிஷம் பரமக்குடியையும் நினைச்சுக்கோங்க.