கறுப்புக் கியூடெக்ஸ்: நல்லதைத் தெரிவு செய்வது எப்படி?

சிலாபத்தில் கடைக்கு வருகிறவர்கள் நகப்பூச்சு என்று கேட்பதில்லை. ‘கியூடெக்ஸ்’ என்றே கேட்பார்கள். 1911இல் அமெரிக்காவில், நகத்தைச் சுற்றியுள்ள தோலை அகற்றும் திரவம் ஒன்றுக்கு வைத்த வணிகப் பெயர் அது. இலங்கையில் எந்த நிறுவனத்தின் நகப்பூச்சுக்கும் அதுவே பெயராகிவிட்டது.

நகருக்குள் சிறியதொரு ஃபேன்சி கடை நடத்துகிறேன். கறுப்புக் கேட்டு வருவோர் இளம்பெண்கள் மட்டுமல்ல. கருவாட்டு வேலையில் கறைபிடித்த நகத்தை மறைக்க நினைப்பவர்கள் வருகிறார்கள். போர்க்காலத்தில் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்து, ஷெல் துண்டு பட்ட விரலில் நகம் கோணலாக வளர்பவர்களும் வருகிறார்கள். ‘கணவனை இழந்தவளுக்கு எதற்கு இது’ என்ற பேச்சுக்கு அஞ்சி, மகளுக்கு என்று சொல்லி வாங்கிப் போகிறவர்களும் உண்டு. விரல் அவர்களுடையது, விருப்பமும் அவர்களுடையது. ஆனால் கறுப்பு நகத்தை முழுவதுமாக மறைக்கும். ஆகவே நன்றாக மூடுவதும், வேண்டிய நேரத்தில் இலகுவாக அகற்றக்கூடியதுமே நல்ல கறுப்பு.

போத்தலுக்குள் இருப்பது

நகத்தில் படலமாகக் காய்வது பெரும்பாலும் நைத்திரோசெலுலோசு. 1846இல் கண்டறியப்பட்டு, துப்பாக்கிக்கும் பீரங்கிக்கும் வெடிமருந்தாகப் பயன்பட்ட அதே குடும்பப் பொருள். போத்தலில் அது வெடிக்காது. ஆனால் அதைக் கரைத்து வைத்திருக்கும் திரவம் சட்டெனத் தீப்பிடிக்கும். அடுப்பு, குத்துவிளக்கு, நுளம்புச் சுருள் அருகே பூசவோ அகற்றவோ வேண்டாம்.

கறுப்பு நிறத்துக்குக் காபன் கரியோ கறுப்பு இரும்பு ஒட்சைட்டோ சேர்ப்பார்கள். லேபலில் 77266, 77499 என்ற எண்கள் இவற்றையே குறிக்கின்றன.

கடையில் பார்க்க வேண்டியவை

வெள்ளைத் தாளில் மெல்லியதாக ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். ஓரம் ஊதாவாகவோ பச்சையாகவோ தெரிந்தால் அது சுத்தக் கறுப்பு அல்ல. நல்லது இரண்டு மெல்லிய பூச்சில் மூடிவிடும். போத்தலைக் கைகளுக்கிடையே உருட்டும்போது அடியில் தங்கிய நிறம் கலந்துவிட வேண்டும். நூலாக இழுபட்டால் பழையது.

போமல்டிகைட்டு, தொலுயீன், டைபியூட்டைல் தலேட் ஆகிய மூன்றும் இல்லாததை ‘3 ஃப்ரீ’ என்று குறிப்பார்கள். மூன்றாவதை ஐரோப்பிய ஒன்றியம் 2004இலேயே அழகுசாதனங்களில் தடை செய்தது. உற்பத்தியாளர், இறக்குமதியாளர், காலாவதித் திகதி எதுவும் இல்லாத போத்தலை எவ்வளவு மலிவானாலும் வாங்காதீர்கள். முறைப்பாட்டுக்கு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977.

காயப்பட்ட நகத்துக்கு

பளபளக்கும் கறுப்பு, நகத்தின் மேடுபள்ளத்தை எடுத்துக் காட்டும். மினுக்கமில்லாத ‘மேட்’ வகை அதை அடக்கிவிடும். அதற்கு முன் மேடுபள்ளத்தை நிரப்பும் அடிப்பூச்சு ஒன்று பூசினால் இன்னும் நல்லது. நகத்தில் கறையும் பிடிக்காது. புண், சீழ், பூஞ்சைத் தொற்று இருந்தால் பூசவே கூடாது.

ஜெல் வகையில் அவதானம் தேவை. அதிலுள்ள அக்ரிலேட் பொருட்கள் காயாத நிலையில் தோலில் பட்டுக்கொண்டிருந்தால் ஒவ்வாமை வரலாம். வந்தால் ஆயுளுக்கும் நீடிக்கக்கூடும். இதே இரசாயனக் குடும்பம்தான் பல் அடைப்பிலும், எலும்புச் சத்திரசிகிச்சைச் சீமெந்திலும் உள்ளது. உடலில் போர்க்காயம் இருந்து, இன்னும் சத்திரசிகிச்சை தேவைப்படலாம் என்பவர்களுக்குச் சாதாரண கியூடெக்ஸே பாதுகாப்பானது. ஜெல்லில் பயன்பட்ட ‘டீபீஓ’ என்ற பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டெம்பர் 1 முதல் தடை செய்துள்ளது.

வைத்தியசாலைக்குப் போகுமுன்

விரலில் மாட்டி இரத்தத்தின் ஒட்சிசன் அளவைப் பார்க்கும் கருவி, நகத்தினூடாக ஒளியைச் செலுத்தி அளக்கிறது. கறுப்பு, நீலம், பச்சைப் பூச்சுகள் அந்த அளவைப் பிழையாகக் காட்டலாம். நகம் வெளுப்பதையோ நீலம் பாரிப்பதையோ வைத்தியர் பார்க்கவும் முடியாது. சத்திரசிகிச்சைக்கும் பிரசவத்துக்கும் முன் அகற்றிவிடுங்கள். சுவாசநோய் உள்ளவர்கள் எப்போதும் ஒரு விரலையாவது பூசாமல் விடுவது நல்லது.

ஒவ்வொரு தடவையும் அகற்றிய பின் சில நாள் நகத்தை வெறுமையாக விடுங்கள். அடிபடாமலே கறுத்த கோடு தோன்றி அகன்றுகொண்டே போனால் வைத்தியரிடம் காட்டுங்கள். அரிதாக அது புற்றுநோயாக இருக்கலாம்.

நிலைத்து நிற்க

மீன் கழுவுவோரின் நகம் தண்ணீரில் ஊறி விரியும், காய்ந்து சுருங்கும். பூச்சு உதிர்வது இதனால்தான். இரவில், வேலையெல்லாம் முடிந்து நகம் நன்கு காய்ந்த பின் பூசுங்கள். இரண்டு பூச்சுக்கும் இடையில் சில நிமிடம் விடுங்கள். மேற்பூச்சை நக நுனியிலும் இழுத்துவிடுங்கள். காலையில் கையுறை போட்டு வேலை செய்தால் கூடுதல் நாள் நிற்கும்.

தடித்துப்போன போத்தலுக்குள் அசற்றோன் ஊற்றாதீர்கள், படலம் பலமிழந்துவிடும். அதற்கென்றே ‘தின்னர்’ விற்கிறார்கள். வுழூ செய்யும் முஸ்லிம் பெண்கள் தொழுகைக்கு முன் அகற்ற வேண்டியிருப்பதால், அவர்களுக்கும் ஜெல் பொருந்தாது. சாதாரண வகையே ஏற்றது.

விலை கூடியதுதான் நல்லது என்றில்லை. தாளில் ஒரு கோடு, லேபலில் ஒரு பார்வை: இந்த இரண்டும் போதும். கடைக்காரர் மூடியைத் திறந்து காட்ட மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.